நிரலைப் பிரிக்கலாம், சின்னத்தைப் பிரிக்கலாமா?

2017 மார்ச்சில், ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முன்னால், தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. சின்னத்தை மட்டும் இல்லை, கட்சிப் பெயரையும் சேர்த்தே முடக்கியது. ஒரு அணி தொப்பியை எடுத்துக்கொண்டது, இன்னொரு அணி இரட்டை விளக்கு மின்கம்பத்தை எடுத்துக்கொண்டது. ஆட்கள் பழைய ஆட்கள்தான், கரை வேட்டியும் பழைய கரைதான். ஆனாலும் இலை யாருக்கு என்பது முடிவாக அந்த வருடம் நவம்பர் ஆகிவிட்டது. 1989 சட்டமன்றத் தேர்தலிலும் இதே கதை நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாகி, ஒரு பக்கம் சேவல், மறு பக்கம் இரட்டைப் புறா. இரண்டும் ஒன்று சேர்ந்த பிறகுதான் இலை திரும்ப வந்தது.

தமிழ்நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். நான் இங்கே இழுப்பது அரசியல் பேச இல்லை, திறமூல மென்பொருளுக்கு லோகோ வரைவதைப் பற்றிப் பேச. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பிரச்சினை.

திறமூலத்தின் அடிப்படையே இதுதான்: மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், தனியாகப் பிரித்துக்கொண்டு போகலாம். இதை ஃபோர்க் என்கிறோம், நான் கிளை என்று எழுதுகிறேன். கிளை பிரிவது துரோகம் இல்லை, உரிமத்திலேயே எழுதிக் கொடுத்த உரிமை. நிரலைப் பிரதி எடுத்தால் இரண்டு பேரிடமும் முழு நிரல் இருக்கும். சின்னத்தைப் பிரதி எடுத்தால் இரண்டு பேரிடமும் எதுவுமே இருக்காது, பார்க்கிறவருக்குக் குழப்பம் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே லோகோ வரைய உட்காரும்போது முதல் கேள்வி நிறமோ வடிவமோ அல்ல. நாளைக்குத் திட்டம் இரண்டாகப் பிரிந்தால் இந்தப் படம் யாரிடம் இருக்கும்?

எனக்கு இந்தக் கேள்வி வந்த சூழல்: பண்ருட்டியிலும் கடலூரிலுமாக இருக்கிற நாங்கள் நாலு பேர், பழைய தமிழ் எண்களைப் படிக்கும் ஒரு சின்ன நிரலகத்தை எழுதி வருகிறோம். ௧, ௨, ௰, ௱ என்று எழுதியிருப்பதை இன்றைய எண்ணாக மாற்றித் தரும், திருப்பியும் தரும், அவ்வளவுதான். கல்வெட்டு, ஓலை, பழைய பத்திரம் என்று மேய்கிறவர்களுக்கு உதவும். நாலு பேர் எழுதி நாற்பது பேர் பயன்படுத்தும் இதற்கு எதற்கு லோகோ என்று நானே கேட்டேன். பிறகு படிக்கப் படிக்க விஷயம் பெரிதாகிவிட்டது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

நம்ம ஊர் மார்க்கு

மளிகைக் கடையில் மயில் மார்க், யானை மார்க் என்று கேட்டு வாங்குகிற பழக்கம் நமக்குப் பழையது. நிறுவனத்தின் முழுப் பெயர் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. படத்தைக் காட்டினால் போதும். 1951–52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனி ஓட்டுப்பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் ஆளின் பெட்டியைக் கண்டுபிடித்துச் சீட்டைப் போட முடிந்தது அதனால்தான்.

மென்பொருள் விஷயத்தில் நாம் எல்லாருமே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான். நிரலை ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்து நிறுவுகிறவர் எத்தனை பேர்? நானும் இல்லை. பெயரைப் பார்க்கிறோம், ஐகானைப் பார்க்கிறோம், இறக்குகிறோம். நாளைக்கு ஒருவர் எங்கள் நிரலகத்தை எடுத்து, அதில் கடவுச்சொல் திருடும் நாலு வரியைச் சேர்த்து, அதே பெயரில் அதே படத்தோடு விட்டால், நிரல் உரிமத்தை வைத்துக்கொண்டு அவரை நிறுத்துவது கஷ்டம். உரிமம்தான் ‘மாற்றிக்கொள், பரப்பிக்கொள்’ என்கிறதே. ‘மாற்றியதை எங்கள் பெயரில் விற்காதே’ என்று சொல்வதற்குத்தான் மார்க்கு.

பதிப்புரிமை வேறு, வணிகக்குறி வேறு

இந்த இடத்தில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஒரு லோகோ மேல் இரண்டு தனித்தனி உரிமைகள் உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது பதிப்புரிமை. லோகோ ஒரு ஓவியம். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவருக்கு அது தானாக வந்து சேரும், பதிவுகூட வேண்டாம். இந்தப் படத்தைப் பிரதி எடுக்கலாமா, மாற்றி வரையலாமா என்பதற்கு அது பதில் சொல்லும்.

இரண்டாவது வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க். இது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் படத்தைப் பார்த்தால் ஜனங்கள் யாருடைய சரக்கு என்று நினைப்பார்கள், அந்த நினைப்பை வேறு யாராவது ஏமாற்றப் பயன்படுத்துகிறார்களா என்பதுதான் இதன் கவலை.

நிரல் உரிமங்கள் இந்த இரண்டாவது விஷயத்தில் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6-ஆம் பிரிவு, பெயர், வணிகக்குறி எதற்கும் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வேண்டுமானால் அப்படி ஒரு வரியைச் சேர்த்துக்கொள் என்று 7-ஆம் பிரிவில் இடம் விடுகிறது. எம்ஐடி உரிமம் இதைப் பற்றி வாயே திறக்காது. ஆக, ‘எங்கள் திட்டம் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது’ என்று எழுதிவிட்டு, லோகோ கோப்பையும் அதே அடைவில் போட்டுவைத்தால், லோகோவுக்கும் அதே உரிமம்தான் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். அவர் மேல் தப்பில்லை.

கிளை பிரிந்த கதைகள்

ஃபயர்ஃபாக்ஸ் கதை இதில் பிரசித்தம். டெபியன் குழுவினர் ஃபயர்ஃபாக்ஸ் நிரலைத் தங்கள் லினக்ஸ் வழங்கலில் சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். நிரல் கட்டற்றது. நரி உலகத்தைச் சுற்றிப் படுத்திருக்கும் லோகோ கட்டற்றது அல்ல. டெபியன் தன் கொள்கைப்படி அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, பெயரை வைத்துக்கொண்டது. 2006-ல் மோசில்லா, ‘பெயர் வேண்டுமென்றால் படமும் வேண்டும், நீங்கள் செய்யும் மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும்’ என்றது. டெபியன் பெயரையே மாற்றி ஐஸ்வீசல் என்று வைத்துவிட்டது. நெருப்புக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் மரநாய். நல்ல நக்கல். சமாதானமாகிப் பழைய பெயர் திரும்ப வர 2016 ஆனது. ஒரு படத்தில் தொடங்கிய சண்டை, பத்து வருடம்.

2010 செப்டம்பரில் ஓப்பன்ஆபிஸ் திட்டத்தின் முக்கியமான ஆட்கள் வெளியே வந்து தனி அமைப்பு தொடங்கினார்கள். பெயர் அப்போது ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்தது. எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டும் கிடைக்கவில்லை. லிப்ரேஆபிஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அடுத்த சில மாதத்தில் ஹட்சன் திட்டத்திலும் அதே ஆரக்கிள், அதே பெயர்ப் பிரச்சினை. 2011-ல் ஜென்கின்ஸ் பிறந்தது. இரண்டிலும் ஆட்கள் ஒரு பக்கம், பெயர் மறு பக்கம். இரண்டிலும் கடைசியில் ஆட்கள் இருந்த பக்கம்தான் வளர்ந்தது. சேவல் அணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வளர்வதற்கு முன்னால் ‘நாங்கள்தான் பழைய ஆட்கள்’ என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது.

லினக்ஸ் பெயரே ஒரு காலத்தில் வேறொருவர் கையில் இருந்தது. திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் 1994-ல் அமெரிக்காவில் அந்தப் பெயரைத் தன் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்து, பிறகு லினக்ஸ் விற்றவர்களிடம் பங்கு கேட்டுக் கடிதம் அனுப்பினார். வழக்கு, சமரசம் என்று போய் 1997-ல்தான் அது லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. ‘நாம் திறந்த மனசுக்காரர்கள், நமக்கு எதற்கு டிரேட்மார்க்’ என்று விட்டுவிட்டால், திறந்த மனசு இல்லாத ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார்.

அதற்காக இறுக்கிப் பிடித்தாலும் ஆகாது. 2023 ஏப்ரலில் ரஸ்ட் அறக்கட்டளை ஒரு வணிகக்குறிக் கொள்கை வரைவை வெளியிட்டது. பெயரை, லோகோவை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அதில் அவ்வளவு கட்டுப்பாடு. ஆண்டுக்கணக்கில் தங்கள் சிறு நிரலகங்களுக்கு அந்தப் பெயரை ஒட்டிப் பெயர் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டு வரைவைத் திரும்ப எழுதப் போனது. ரசிகர் மன்றம் வைப்பவனையும் போலிச் சரக்கு விற்பவனையும் ஒரே தராசில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

பொம்மையும் முத்திரையும்

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பல திட்டங்கள் தற்செயலாகவோ யோசித்தோ அதில்தான் வந்து நின்றிருக்கின்றன: இரண்டு படம் வைத்துக்கொள்வது.

டெபியனே 1999 முதல் இப்படித்தான். சுழி மட்டும் உள்ள லோகோ எல்லாருக்கும் பொது. குப்பியிலிருந்து சுழி கிளம்புகிற மாதிரி உள்ள இன்னொன்று அதிகாரப்பூர்வமான வேலைக்கு மட்டும். கோ மொழிக்கு ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த கோஃபர் பிராணி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. பெயர் சொன்னால் போதும், நீங்களும் அதற்குத் தலைப்பாகை கட்டி வரையலாம். கோ என்ற எழுத்து லோகோ மட்டும் கூகுளின் வணிகக்குறி. ஜாவாவில் டியூக் பொம்மையை 2006-ல் கட்டற்ற உரிமத்தில் விட்டார்கள், காபிக் கோப்பையை விடவில்லை. 1996-ல் லாரி யூயிங் கிம்ப் மென்பொருளில் வரைந்த லினக்ஸ் பென்குவினுக்கு, தன்னையும் கிம்ப்பையும் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். இன்று உலகம் முழுக்க அந்தப் பென்குவினுக்கு எத்தனை சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ண முடியாது.

தலைகீழ் உதாரணமும் உண்டு. பெர்ல் மொழி என்றால் ஒட்டகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது ஓரெய்லி பதிப்பகத்தின் புத்தக அட்டைப் படம், அவர்களுடைய வணிகக்குறி. பெர்ல் அறக்கட்டளை தனக்கென்று வெங்காயத்தை வைத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஜனங்கள் மனசில் இருப்பது ஒட்டகம், கையில் இருப்பது வெங்காயம்.

எங்கள் ஊர்ப் பக்கம் கொலு பொம்மை செய்கிறவர்கள் அதிகம் என்பதால் நான் இதைப் பொம்மை, முத்திரை என்று பிரித்துப் பேசிக்கொள்கிறேன். பொம்மை வீடு வீடாகப் போகலாம், வண்ணம் மாற்றலாம், உடைந்தால் ஒட்டலாம். முத்திரை பெட்டிக்குள் இருக்கும். ‘இது எங்கள் கையால் சரிபார்த்து வெளியிட்ட பதிப்பு’ என்று சொல்லும்போது மட்டும் வெளியே வரும்.

ழ போடலாமா?

தமிழ்த் திட்டம் என்றதும் எல்லாரும் முதலில் வரைவது ழ. எங்கள் குழுவிலும் அதுதான் முதலில் வந்தது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல் மொழியின் பெயரிலேயே ழ உண்டு. பைத்தான் மேல் கட்டப்பட்ட அந்த மொழி பற்றி அவர் 2009-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார், `பதிப்பி` என்று தமிழில் கட்டளை எழுதலாம். அந்தப் பெயருக்கு ழ பொருந்தும். எங்கள் எண் நிரலகத்துக்கு என்ன பொருத்தம்?

ழ மேல் எனக்கு மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது, வணிகக்குறியின் வேலையே பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது. எல்லாரும் போடுகிற ஒன்று யாரையும் பிரித்துக் காட்டாது. டீ ஷர்ட், பதிப்பகம், செயலி, பள்ளி என்று ழ எங்கும் இருக்கிறது.

இரண்டாவது, தமிழுக்கு மட்டுமே உரிய ஒலி என்று சொல்லிக்கொள்வது. மலையாளத்திலும் அந்த ஒலி இருக்கிறது, அதற்கு எழுத்தும் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சுத்தமான கைவேலைப் பிரச்சினை. உலாவியின் தாவலில் வரும் ஐகான் பழைய கணக்குப்படி 16-க்கு 16 புள்ளி. சுற்றி ஒரு புள்ளி ஓரம் விட்டால் மிச்சம் 14. ழ-வுக்கு மேலே ஓர் உடல், கீழே சுழிந்து இறங்கும் வால். வாலுக்கு நாலைந்து புள்ளி கொடுத்தால் உடலுக்கு ஒன்பதுதான். இரண்டு புள்ளித் தடிமனில் கோடு இழுத்தால் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொண்டு கரும்புள்ளி ஆகிவிடும். ஒரு புள்ளியில் இழுத்தால் வளைவு படிக்கட்டாகிவிடும். ட, ப மாதிரி நேர்க்கோட்டு எழுத்துகள் புள்ளிக் கட்டத்தில் அப்படியே உட்காரும். சுழி உள்ள எழுத்துக்குச் சின்ன அளவில் தனியாக வேறு வரைவு தேவை. பெரிய படத்தைச் சுருக்கினால் போதும் என்று நினைக்கக் கூடாது.

உயிர்க்குறி இடம் மாறினால்

எழுத்தை வைத்து லோகோ செய்கிற எல்லாரும் விக்கிப்பீடியா உருண்டையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2003-ல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த அந்தப் புதிர்த்துண்டு உருண்டையில் பல மொழி எழுத்துகள் இருந்தன. அதில் தேவநாகரி எழுத்தில் உயிர்க்குறி இடம் தவறி உட்கார்ந்திருந்தது. ஜப்பானிய எழுத்திலும் பிழை. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த லோகோக்களில் ஒன்று, இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொல்லும் தளத்தின் லோகோ, பிழையோடு ஏழு வருடம் இருந்தது. 2010-ல் மறுபடி வரைந்தபோதுதான் சரியானது. இன்றைய உருண்டையில் நம் ‘வி’யும் இருக்கிறது.

இது ஏன் நடக்கிறது? யூனிகோடில் தமிழை ஒலி வரிசையில் சேமிக்கிறோம். ‘தெ’ என்றால் முதலில் த, பிறகு எகரக் குறி. திரையில் குறி இடப் பக்கம் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக் கோப்பு மென்பொருள்கள். அது இல்லாத அல்லது அணைத்து வைத்திருக்கிற வரைகலை மென்பொருளில் தமிழை ஒட்டினால், குறி தனியாகப் புள்ளி வட்டத்தோடு தொங்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் அதைத்தான் எழுத்து என்று நினைத்து அழகாக வண்ணம் பூசி அனுப்பிவிடுவார். விமான நிலையப் பலகை முதல் விளம்பரம் வரை நாம் பார்த்துச் சிரிப்பதெல்லாம் இந்த ரகம்தான்.

செய்ய வேண்டியது எளிது. இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்தால் எழுத்து சரியாக விழும். பிறகு அதைப் பாதையாக மாற்றிவிட வேண்டும், அதாவது எழுத்தை வெறும் கோடாக்கிவிட வேண்டும். எஸ்.வி.ஜி. கோப்பில் எழுத்தை எழுத்தாகவே விட்டுவைத்தால், பார்க்கிறவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்றில் தெரியும், லோகோ மாறிவிடும். மாற்றுவதற்கு முந்தைய கோப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திருத்த வேண்டிவரும்.

எழுத்துருவின் உரிமமும் முக்கியம். டி.டி.பி. சென்டரில் நண்பர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த எழுத்துருவில் லோகோ செய்யாதீர்கள், அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை எல்லாம் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைக்கின்றன. அந்த உரிமத்தில் உள்ள எழுத்துருவை வைத்து லோகோ செய்வதற்குத் தடையில்லை, லோகோவும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

எங்களுக்கு வந்த படங்கள்

ழ போக, மூன்று யோசனைகள் வந்தன.

ஒன்று, பலாப்பழம். பண்ருட்டிக்காரர்கள் கூடினால் இது வராமல் இருக்காது. வெளியே முள், உள்ளே சுளை, நிரலும் அப்படித்தானே என்று விளக்கம் வேறு. பெரிய அளவில் அருமையாக இருந்தது. 16 புள்ளியில் பச்சை உருளைக்கிழங்கு. ஒரே நிறத்தில் அச்சடித்தால் கையெறி குண்டு.

இரண்டு, ௲ என்ற ஆயிரத்துக்கான குறி. எங்கள் வேலைக்கு நேராகப் பொருந்துவது இதுதான். ஆனால் தெரியாதவர்கள் ‘சூ’ என்று படிக்கிறார்கள். வீட்டில் காட்டியபோது ‘சூ மந்திரக்காளியா?’ என்று கேட்டார்கள். விளக்கம் சொன்ன பிறகு மட்டும் புரியும் படத்துக்கு, விளக்கம் சொல்ல ஒரு ஆளும் கூடவே போக வேண்டும்.

மூன்று, முந்திரி. எங்களோடு வேலை செய்யும் கல்லூரி மாணவி வரைந்தது. இரண்டு முந்திரிப் பருப்பை எதிரும் புதிருமாக வைத்தால் அடைப்புக்குறி ஆகிவிடுகிறது. நிரல் எழுதுகிறவனுக்கு அடைப்புக்குறி இல்லாமல் ஒரு வரி ஓடாது. நடுவில் ௧ என்று வைத்தால் எண்ணும் வந்துவிட்டது. முந்திரி வளைவு 16 புள்ளியிலும் முந்திரியாகவே இருந்தது, கறுப்பு வெள்ளையிலும் நின்றது. ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தோம், அப்போதும் தெரிந்தது. நான் கேள்விப்பட்டதில் இதைவிட மலிவான சோதனை இல்லை.

வரைந்த கை

முடிவான பிறகு அந்தப் பெண் கேட்டாள்: “அண்ணா, இதை நான் என் காலேஜ் ப்ராஜெக்ட்லயும் போர்ட்ஃபோலியோவுலயும் போட்டுக்கலாமா?”

“உன் படம்மா, தாராளமா போட்டுக்கோ” என்றேன். ஆனால் அந்தக் கேள்விக்கு உள்ளே இருந்த இன்னொரு கேள்வி என்னை விடவில்லை. படம் அவளுடையது என்றால், நாங்கள் எந்த உரிமையில் பயன்படுத்துகிறோம்? நாளை அவள் வேலைக்குப் போய், வேறு ஊர் போய், தொடர்பு விட்டுப்போனால்?

சட்டம் இங்கே ரொம்பத் தெளிவு. காசு வாங்காமல் நட்புக்காக வரைந்தாலும் முதல் உரிமையாளர் வரைந்தவர்தான். அதை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதே பிரிவில் இன்னும் இரண்டு சங்கதி ஒளிந்திருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்தில் உலகம் முழுக்கக் கிடைக்கும் ஒரு நிரலகத்துக்கு, ஐந்து வருடம் செல்லும் இந்திய உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘லோகோ போட்டி, வெற்றி பெறுபவருக்குச் சான்றிதழ்’ என்று அறிவிக்கிற எத்தனையோ தன்னார்வத் திட்டங்கள் இந்த ஒரு பக்கக் காகிதத்தை வாங்குவதில்லை. வரைந்தவருக்கும் நல்லதில்லை, திட்டத்துக்கும் நல்லதில்லை.

அதோடு, திறமூலத்தில் நிரல் எழுதியவன் பெயர் மாற்ற வரலாற்றில் வரிக்கு வரி பதிவாகிவிடும். படம் வரைந்தவர் பெயர் எங்கும் பதிவாகாது. அந்த அநியாயத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று பேசினோம்.

நாங்கள் எழுதி வைத்தது

கடைசியில் நிரல் அடைவில் லோகோவுக்கென்று தனிக் கோப்பு ஒன்றை வைத்தோம். சாரம் இதுதான்:

1. முந்திரி பொம்மை, அதாவது எழுத்தில்லாத படம், கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல் உரிமத்தில். பதிப்புரிமை வரைந்தவருக்கே. அவர் பெயரைச் சொல்லி யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாணவர் ப்ராஜெக்டுக்கும், டீ ஷர்ட்டுக்கும், கிளை பிரிக்கிறவருக்கும் இது பொருந்தும்.

2. பெயரும் படமும் சேர்ந்த முத்திரை, நாங்கள் வெளியிடும் பதிப்புக்கு மட்டும். இதற்கு வரைந்தவரிடம் காலம், இடம் இரண்டையும் குறிப்பிட்டு எழுதி வாங்கியிருக்கிறோம்.

3. எங்கள் நிரலகத்தைப் பற்றிப் பேச, எழுத, பாடம் நடத்த, ‘இதனோடு வேலை செய்யும்’ என்று சொல்லப் பெயரைப் பயன்படுத்த யாரும் அனுமதி கேட்க வேண்டாம்.

4. கிளை பிரிக்கிறவர் பெயரை மாற்ற வேண்டும். ‘இதிலிருந்து பிரிந்தது’ என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

5. திட்டத்தைப் பராமரிக்கும் நாங்கள் ஒரு வருடம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் போனால், அப்போது உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கும் கிளைக்கு முத்திரை போகும்.

ஐந்தாவதுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தன்னார்வத் திட்டங்கள் சண்டையால் சாவதைவிடச் சும்மா இருந்து சாவதுதான் அதிகம். ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், ஒருவர் வெளிநாடு போவார், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். நிரலைப் பின்னால் வருகிறவன் எடுத்து நடத்திக்கொள்வான். பெயர் மட்டும் பதில் சொல்லாத ஒரு மின்னஞ்சலில் பூட்டிக் கிடக்கும். எங்களிடம் அறக்கட்டளையோ ஆணையமோ இல்லை. ஆகவே சாவியை எங்கே வைத்திருக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் எங்களால் முடிந்தது.

பதிவு செய்வதா என்றும் யோசித்தோம். மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய், பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நம் பக்கத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். நாற்பது பேர் பயன்படுத்தும் நிரலகத்துக்கு இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பதிவு இல்லாவிட்டாலும், வெகுநாள் புழக்கத்தில் இருந்த பெயரை ஏமாற்றப் பயன்படுத்துகிறவர் மேல் வழக்குப் போட இந்தியச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு முதல் சாட்சி புழக்கம்தான். ஆகவே லோகோ முதலில் வெளியான தேதி, எந்தப் பதிப்பில் வந்தது, யார் எங்கே பயன்படுத்தினார்கள் என்ற விவரத்தைச் சேர்த்து வைக்கிறோம். இதற்குச் செலவு கிடையாது.

உங்களிடம் ஒரு சிறு திட்டம் இருந்தால், நிறத்தைப் பற்றி விவாதிக்கும் முன்னால் இந்த ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள். எங்கள் படம் இன்னும் மாறலாம். முந்திரியின் வளைவு கொஞ்சம் தடிமனாக இருக்கிறது, வரைந்தவரே அடுத்த பதிப்புக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கோப்பில் அவர் பெயர் முதல் வரியில் இருக்கிறது.